தலைப்பு அனிமேஷனில் தமிழ் எழுத்து உடைகிறது. முதலாளிக்கோ அந்த அனிமேஷன்தான் வேண்டுமாம்

பாவுநூல்:
வணக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு வலைத்தளம் செய்கிறேன். முகப்பில் ‘கோர்வைப் பட்டு’ என்ற தலைப்பு எழுத்து எழுத்தாக மேலிருந்து இறங்கி உட்கார வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. ஆங்கிலத் தலைப்பில் அழகாக வருகிறது. தமிழில் முதலில் ‘க’ மட்டும் விழுகிறது. அப்புறம் ஒரு புள்ளிவட்டம், அதன் இரு பக்கமும் இரட்டைக்கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘ர’ வந்த பிறகு அதன் புள்ளி தனியாக வந்து சேர்கிறது. ஃபான்ட் மாற்றியும் பயனில்லை.

இன்னொன்று: தளத்தைப் பார்த்தவர்கள் கடைக்குப் போன் போட்டு “விலை எங்கே போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்களாம். விலை ஒவ்வொரு படத்துக்கும் கீழேதான் இருக்கிறது, வெள்ளையில் ஜரிகை நிறத்தில்.

திண்ணை:
ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். யூனிகோடில் ‘கோ’ என்பது க, ஓகாரக் குறி என இரண்டு குறியீடு. உங்கள் அனிமேஷன் நிரல் ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பிளிட் என்ற பிரிக்கும் கட்டளையை வைத்து அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி ஸ்பானில் (பக்கத்தில் ஒரு சிறு துண்டை அடைக்கும் குறிச்சொல்) போடுகிறது. துணைக்கு எழுத்து இல்லாத குறி புள்ளிவட்டத்தோடுதான் தெரியும். ஸ்பிளிட்டை எடுத்துவிட்டு, உலாவியிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டர் என்ற எழுத்துப் பிரிப்பானைப் போட்டு, ‘கிராபீம்’ அளவில், அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் அளவில் பிரியுங்கள். கோ, ர், வை, ப் என்று சரியாக வரும். ஃபயர்பாக்ஸில் இது 2024-இல், 125-ஆம் பதிப்பில்தான் வந்தது. பழைய உலாவி என்றால் அனிமேஷன் இல்லாமல் தலைப்பை அப்படியே காட்டிவிடுங்கள்.

நடுராத்திரி நிரலர்:
திண்ணை சொன்னது சரி, ஆனால் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் அதிலும் இரண்டாகத்தான் பிரியும். சொல் சொல்லாக இறக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. பார்க்கவும் நிதானமாக இருக்கும், எழுத்து மழை எனக்குப் பிடிப்பதில்லை. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் துண்டுத் துண்டாகப் படிக்காமல் இருக்க, ஸ்பான்களை அதனிடமிருந்து மறைத்துவிட்டு முழுத் தலைப்பையும் ஒருமுறை தனியாகக் கொடுங்கள். போனில் ‘அசைவைக் குறை’ என்று வைத்திருப்பவர்களுக்கு அனிமேஷன் ஓடவே கூடாது.

விலை விஷயம் வேறு. வெள்ளையில் வழக்கமான தங்க நிறத்தை வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டு விகிதம் 2.1-ஐத் தாண்டாது. சிறிய எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல் வழிகாட்டி கேட்பது 4.5. வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியாது.

பாவுநூல்:
ரொம்ப நன்றி. செக்மென்டர் போட்டதும் கோர்வை கச்சிதமாக வந்தது. பயந்தபடியே கடைப் பெயரில் ‘ஸ்ரீ’ இருக்கிறது! ‘ஸ்’ விழுந்து, ஒரு மூச்சு கழித்து ‘ரீ’ விழுந்தது. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சூட்டிலேயே சொல் சொல்லாக மாற்றிக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

விலைக்குத்தான் பெரிய பேச்சு. “ஜரிகை இல்லாமல் பட்டா?” என்றார். எழுத்தை அரக்கு நிறமாக்கி, கீழே ஜரிகை நிறத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். “கரை போட்ட மாதிரி இருக்கிறதே!” என்று அவரே பெயர் வைத்துவிட்டார்.

ஒரு சிக்கல் மிச்சம். ‘ரீ’யின் மேல் சுழி பாதி வெட்டுப்படுகிறது.

திண்ணை:
சொல் சறுக்கி வருவதற்காக அந்தப் பெட்டியில் ஓவர்ஃப்ளோவை (பெட்டிக்கு வெளியே நீளும் பகுதியை) மறைத்திருப்பீர்கள், வரி உயரமும் எழுத்தின் அளவுக்குச் சமமாக, 1 ஆக இருக்கும். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டி அது. 1.5 வைத்துப் பாருங்கள்.

பாவுநூல்:
1.5 போதவில்லை, 1.6-இல் சுழி முழுதாகத் தெரிகிறது. அடுத்து முகப்பில் தறி ஓடும் வீடியோ வேண்டுமாம். அதற்குத் தனி இழை போடுகிறேன்.