ஒரே பெயரில் இரண்டு வைஃபை: எது நிஜம்?

கேள்வி:
வணக்கம். நான் நூலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். அங்குள்ள வைஃபையின் பெயர் நேற்று போனில் இரண்டு தடவை வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஒன்றில் பூட்டுச் சின்னம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. பூட்டில்லாததில் போன் தானாகவே சேர்ந்துகொண்டது. கீழே 'டைரக்ட்' என்று தொடங்கும் ஒன்று, பெயரே இல்லாத ஒன்று வேறு. அலுவலக மின்னஞ்சல் திறந்திருந்ததால் பயமாக இருக்கிறது. எது நூலகத்துடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
முதலில் அந்தத் திறந்த இணைப்பைப் போனின் நினைவிலிருந்து நீக்குங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரை வைக்க அரை நிமிடம் போதும். 'டைரக்ட்' பெரும்பாலும் பிரிண்டர் அல்லது டிவி. பெயரில்லாதது, பெயரை மறைத்து வைத்த ரவுட்டர். அவற்றை விட்டுவிடலாம்.

ஒன்று கேட்கிறேன். பெயர் ஒன்றானாலும் பூட்டுள்ளதையும் இல்லாததையும் போன் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்கும். முன்பு எப்போதாவது பூட்டில்லாததை நீங்களே தொட்டீர்களா?

கேட்டவர்:
ஆமாம், போன வாரம். கடவுச்சொல் கேட்கவில்லையே என்று தொட்டேன்.

பதில் 2:
ஆண்ட்ராய்டு என்றால் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு பிஎஸ்எஸ்ஐடியை, அதாவது வைஃபை தரும் கருவியின் அடையாள எண்ணைப் பாருங்கள். ஐபோன் என்றால் லேப்டாப்பில் பார்ப்பதுதான் சுலபம். அது இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த, ஆறு ஜோடி கொண்ட எண். வழக்கமாக முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளரைக் குறிக்கும். பெரிய கட்டடத்தில் ஒரே பெயரில் பல கருவிகள் இருப்பது சகஜம். 2.4, 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் பெரும்பாலும் பார்த்தாலே ஒரே குடும்பம் என்று தெரியும். முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்றிருந்தால் அது மென்பொருள் வைத்த எண், ஹாட்ஸ்பாட்டாக இருக்கலாம். நல்ல ரவுட்டர்களும் விருந்தினர் இணைப்புக்கு இப்படி வைப்பதுண்டு என்பதால், இதை மட்டும் நம்பாதீர்கள். தெரிந்தே ஏமாற்றுபவர் எண்ணையும் போலியாக வைப்பார்.

அப்புறம், சிக்னலைப் பார்த்தபடி நடந்து பாருங்கள். -80 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு) என்றால் தூரம், -40 என்றால் பக்கத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். பூட்டுள்ளவை நான்கு, நான்கிலும் முதல் மூன்று ஜோடி ஒன்றே. திறந்தது மட்டும் வேறு, இரண்டாவது எழுத்து ஏ. என் மேசையில் -71 காட்டியது, நாளிதழ் அலமாரி ஓரம் போனதும் -42. அங்கே சுவரிலோ கூரையிலோ எந்தக் கருவியும் இல்லை. கவுன்ட்டரில் கேட்டால், கடவுச்சொல் இல்லாத வைஃபை தங்களுக்குக் கிடையவே கிடையாது என்றார்கள். அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதில் 1:
நல்ல காரியம் செய்தீர்கள். எச்டிடிபிஎஸ் (தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்பும் முறை) வழியாகப் போயிருந்தால் மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை அந்தத் திறந்த வைஃபையை வைத்தவர்களால் படிக்க முடியாது. எனக்குக் கவலை அதுவல்ல. சேர்ந்ததும் ஏதாவது பக்கம் திறந்து விவரம் கேட்டதா?

கேட்டவர்:
போன வாரம் கேட்டது. மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும். கொடுத்தேன்.

பதில் 1:
வைஃபைக்கு உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் எதற்கு? மொபைல் டேட்டாவில் இப்போதே மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், அலுவலக ஐடி ஆட்களிடமும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. அலுவலகத்துக்கு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.