தமிழ் நூல்களைக் கேட்க மனிதக் குரலா, இயந்திரக் குரலா? ஆலோசனை தேவை

மேலூரில் வசிக்கும் என் தந்தையாருக்குப் பார்வை குறைந்து வருவதால், அவர் நூல்களைக் காதால் கேட்பதற்கு ஏற்ற வழியை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாக வழங்கிவரும் மின்னூல்கள் சிலவற்றை, கைப்பேசியில் எழுத்தை ஒலியாக மாற்றும் வசதியின் மூலம் கேட்டுப் பார்த்தோம். கட்டுரைகள் நன்றாகவே புரிகின்றன. ஆனால் 'பாட்டி', 'பாட்டில்' (bottle) ஆகிய இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு என்பதை எழுத்து காட்டாததால், பிறமொழிச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் வரும் இடங்களில் அந்தக் குரல் தடுமாறுகிறது. செய்யுளில் நிலைமை இன்னும் மோசம். பொருள் முடியும் இடத்தில் நிற்காமல் வரி முடியும் இடத்தில் நிற்பதால், ஏற்கெனவே மனப்பாடமான பாடலைக்கூட அடையாளம் காண முடியவில்லை. வட்டார வழக்கில் அமைந்த உரையாடல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மனிதர் வாசித்த ஒலிநூல்களில் இக்குறைகள் குறைவு. எனினும், பின்னணி இசையோடு ஒவ்வொரு வரியையும் நாடகமாக நடிப்பவரைக் காட்டிலும் உணர்ச்சியற்ற இயந்திரமே மேல் என்கிறார் அப்பா. எனக்கும் அதில் உடன்பாடுதான். மேலும், அவர் விரும்பும் கல்வெட்டு, வரலாற்று நூல்கள் ஒலிவடிவில் எங்களுக்கு அகப்படவில்லை.

ஆகவே, இணையம் இல்லாமலும் இயங்கக்கூடிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்க இடமளிக்கும், சொற்களின் உச்சரிப்பை நாமே திருத்திப் பதிந்துகொள்ளக்கூடிய தமிழ்க் குரல் ஏதேனும் உண்டா? மிகையின்றி நிதானமாக வாசிக்கப்பட்ட ஒலிநூல்களையும் பரிந்துரைத்தால் நன்றியுடையவனாவேன். அவரிடம் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசி.