எடை கூட்டிய நிம்ஃபுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பர்களே,
தூண்டில் ஈ (மீனை ஏமாற்றக் கொக்கியில் கட்டும் போலிப் பூச்சி) கட்டப் பழகுபவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். அதில் வரும் 'நிம்ஃப்' என்பது நீருக்கடியில் வாழும் பூச்சியின் இளம்பருவத்தைப் போல, கொக்கியில் நூலும் இறகும் சுற்றிச் செய்வது. ஆழத்துக்கு இறங்க உலோக மணியோ கம்பியோ சேர்ப்பார்கள். 'வெயிட்டட் நிம்ஃப்' என்பதற்கு என்ன போடலாம்? ஓர் அகராதி 'அணங்கு' என்கிறது. "அணங்கின் வாலை முதலில் கட்டவும்" என்று எழுதக் கை வரவில்லை.

———

'ஈய ஈ' என்று போடுங்கள். ஈயக் கம்பி சுற்றிய ஈ. ஈ என்ற ஓரெழுத்தொருமொழிக்குக் 'கொடு' என்றும் பொருள் உண்டே! ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியர் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்று என்று பிரிப்பார். மீனிடம் இரந்து நிற்பவன் இழிந்தோன்தானே? இங்கிருந்து ஈகை, ஈவு...

———

ஐயா, நீங்கள் ஈகைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் போய்விடும். இப்போது டங்ஸ்டன் மணிதான் அதிகம். கன செ.மீ.க்கு ஈயம் 11.3 கிராம் என்றால் டங்ஸ்டன் 19.3. சிறிய மணியே போதும். ஆங்கிலேய ஆற்றுக் காவலர் பிராங்க் சாயர் உருவாக்கிய பெசன்ட் டெயில் நிம்ஃபில் ஈயமும் இல்லை, நூலும் இல்லை. மெல்லிய செப்புக் கம்பிதான் கட்டு, அதுவே எடை. அதையும் ஈய ஈ என்பீர்களா? என் பரிந்துரை: 'அமிழ்குடம்பி'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

———

குடம்பி என்றால் லார்வா. நிம்ஃப் வேறு, கூட்டுப்புழுப் பருவமே இல்லாமல் வளர்வது.

நான் ஈ கட்டக் கற்றுக்கொடுப்பவன். மணியின் துளை ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் அகலம். சிறு துளை கொக்கியின் கண்ணைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் திருப்பிக் கோத்துவிடுவார்கள். அப்புறம் பின்னால் சுற்றிய கம்பியை அகன்ற துளைக்குள் நெருக்கித் தள்ளினால்தான் மணி ஆடாது. இதில் விரல் வழுக்கிக்கொண்டிருப்பவரிடம் போய்க் குடம்பி என்றால்? 'மணி நிம்ஃப்', 'கம்பி நிம்ஃப்' போதும்.

———

ஆய்தம் குறிலுக்குப் பின், வல்லின உயிர்மெய்க்கு முன் வரும். உங்கள் 'நிம்ஃப்' இரண்டையும் மீறுகிறது. 'நிம்பு' என்றாவது எழுதலாகாதா?

———

நிம்பம் என்றால் வேம்பு. மீனுக்குக் கசக்கும்.

———

அன்பர்களே, 'அமிழ்பூச்சி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் நிம்ஃப் என்று ஒரு விளக்கம். தனிமடலில் மூவர் சரி என்றார்கள். ஒருவர் "என்னவோ செய்யுங்கள்" என்றார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன்.

———

எனக்கு உடன்பாடில்லை. எடை கூட்டாத நிம்ஃபும் அமிழத்தானே செய்யும்? அதற்கு என்ன போட்டீர்கள்?