கொள்கைகளில் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டோம், கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை: ஒரு கலை அறக்கட்டளைச் செயலரின் ஐயம்

கேள்வி: செயலர்

அனைவருக்கும் வணக்கம். இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுக்கும் ஒரு சிறிய கலை அறக்கட்டளையின் செயலராக இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அறங்காவலர்கள் ஏழு பேர். ஊதியம் பெறுபவர்கள் இருவர் மட்டுமே, மற்றவர்கள் தன்னார்வலர்கள். அமைப்பைத் தொடங்கிய ஆசிரியரே இன்றும் தலைவராக இருக்கிறார். அறங்காவலர்களில் நான்கு பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவர்களில் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு ஒரு நிதியுதவிக்கு விண்ணப்பித்தபோது நலமுரண் (சொந்த நலனும் அமைப்பின் நலனும் மோதும் நிலை), குழந்தைப் பாதுகாப்பு, புகார் விசாரணை, கையிருப்பு நிதி, நன்கொடை ஏற்பு ஆகிய ஐந்தைப் பற்றியும் எழுத்து வடிவிலான கொள்கைகளைக் கேட்டார்கள். நேரமில்லாததால் வேறோர் அமைப்பின் ஆவணங்களைப் பெற்று, பெயரை மட்டும் மாற்றி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். ஒரு பக்கத்தில் அந்த அமைப்பின் பெயர் மாறாமலே இருந்ததை நிதி கிடைத்த பிறகுதான் கவனித்தேன். கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை என்பதிலிருந்தே எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதக் கூட்டத்தில் ஆண்டு விழாவுக்கான ஒளி, ஒலி அமைப்பு ஒப்பந்தம், ஓர் அறங்காவலருடைய தம்பியின் நிறுவனத்துக்கு ஒரே ஒரு விலைப்புள்ளியின் பேரில் வழங்கப்பட்டது. அது யாருடைய நிறுவனம் என்பது அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்தத் தொகை நியாயமானதாகவே இருக்கலாம். அப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல என் கையில் எதுவும் இல்லை.

இதற்கிடையில் ஒரு மாணவியின் தாயார் வகுப்பு நடத்தப்படும் முறை குறித்து என்னிடம் வாய்மொழியாகக் குறைப்பட்டுக்கொண்டார். ‘புகார்களைத் தலைவரிடம் எழுத்தில் அளிக்க வேண்டும்’ என்கிறது எங்கள் கொள்கை. அந்த ஆசிரியரை நியமித்தவரே தலைவர்தான். மேலும், பெரிய நன்கொடை தர முன்வந்த ஒரு நிறுவனம் குழந்தைகள் நாடகத்துக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்றும், ஒத்திகைப் படங்களைத் தன் விளம்பரங்களில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறது. காகிதத்தில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி? அதிலும், கற்றுக்கொடுத்தவர் முன்னால் அமர்ந்துகொண்டு இதையெல்லாம் பேசுவது எப்படி?

மறுமொழி 1: பற்றுவரவு

அன்புள்ள செயலருக்கு, பல ஆண்டுகளாகத் தொண்டு அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களைப் போன்ற அமைப்புகளில் நான் திருட்டைக் கண்டது மிகக் குறைவு. முகதாட்சணியத்தைக் காணாத ஆண்டே இல்லை. கேட்டால் தவறாக நினைப்பாரே என்று ஏழு பேரும் கேட்காமல் விடுகிறார்கள். ஆகவே ஒரு விதியை எழுதும்போது, கேட்கத் தயங்குபவருக்கு அது எந்த வகையில் உதவும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். விதி கேட்கச் சொல்வதால் கேட்கிறேன் என்று அவர் சொல்ல முடிந்தால், பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

நலமுரண் என்பது குற்றமன்று. ஊரே சிறிது, கலைஞர்களின் வட்டம் இன்னும் சிறிது என்னும்போது உறவினரோ நண்பரோ விலைப்புள்ளி தருவது இயல்பே. அதை மறைப்பதும், உரியவர் உட்கார்ந்திருக்கும்போதே முடிவெடுப்பதும்தான் தவறு. உங்கள் குறிப்பேடு இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘நான்காம் பொருள், ஒளி, ஒலி அமைப்பு. விலைப்புள்ளி அளித்த மூன்று நிறுவனங்களுள் ஒன்று தம் சகோதரருடையது என்று அறங்காவலர் தெரிவித்து, மாலை 6.20 மணிக்கு அறையிலிருந்து வெளியேறினார். எஞ்சிய ஆறு பேரும் மூன்றையும் ஒப்பிட்டனர். இரண்டாவது நிறுவனத்தின் விலை குறைவாயினும் ஒத்திகை நாளுக்குக் கருவிகள் தர இயலாது என்பதால், முதலாவது நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. அறங்காவலர் 6.45 மணிக்குத் திரும்பினார்.’ தம்பியின் நிறுவனமே தெரிவாகியிருந்தாலும் இந்த ஆறு வரிகள் அனைவரையும் காப்பாற்றும். வெளியேறிய நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘வாக்களிக்கவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு அவர் அங்கேயே அமர்ந்திருந்தால், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் பேச வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 எண் படிவம் 2008-ஆம் வரி ஆண்டுக்காகத் திருத்தி அமைக்கப்பட்டது. நலமுரண் கொள்கை எழுத்தில் உண்டா என்று அது கேட்கிறது. அத்துடன் நிற்காமல், அறங்காவலர்கள் ஆண்டுதோறும் தங்கள் நலன்களைத் தெரிவிக்க வேண்டுமா, அந்தக் கொள்கை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு நடைமுறைப்படுத்தப்படுகிறதா என்றும் கேட்கிறது. கையெழுத்திட்டு அலமாரியில் வைத்துவிட்ட ஆவணத்தை வைத்துக்கொண்டு பின்னிரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக ‘ஆம்’ என்று பதிலளிக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கையாடல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் பேசி, 1953-இல் தம் ஆய்வை வெளியிட்ட டொனால்டு கிரெஸ்ஸி என்ற குற்றவியல் அறிஞர், பிறரிடம் சொல்ல முடியாத பண நெருக்கடி, கண்ணில் படும் வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஆகிய மூன்றும் அவர்களிடம் கூடியிருந்ததைக் கண்டார். முதலாவதும் மூன்றாவதும் மனத்துக்குள் நடப்பவை. அமைப்பால் கை வைக்கக்கூடியது வாய்ப்பு ஒன்றில்தான். நுழைவுச்சீட்டுப் பணத்தை அன்றிரவே இருவர் சேர்ந்து எண்ணி, சீட்டுகளின் அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். பொருளாளர் நேர்மையானவர் என்பதால் அது தேவையில்லை என்பார்கள். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று ஊர் பேசும்போது அந்த நேர்மையானவருக்குத்தான் சான்று தேவைப்படும்.

மறுமொழி 2: கிளைப்பாதை

மேலே எழுதிய ஐயா மன்னிக்க வேண்டும். ஏழு பேர், இரண்டு ஊழியர்கள் என்றிருக்கும் ஓர் அமைப்பின் மீது இத்தனை ஏற்பாடுகளையும் சுமத்தினால் பாட்டும் கூத்தும் நடத்த நேரம் எங்கே கிடைக்கும்? எங்கள் நாடகக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்ட கொள்கைகள் இருந்தன. அவற்றைப் புதுப்பிப்பதற்கென்று துணைக்குழு ஒன்றும் இருந்தது. ஆனால் ஒத்திகைக்கூடத்தின் மின்கம்பி உரிந்து கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மேலும், சம்பளமில்லாமல் உழைப்பவர்களைச் சந்தேகத்துடன் நடத்தினால் நல்லவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

மறுமொழி 3: பற்றுவரவு

மின்கம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இருபது கொள்கைகளைவிடக் கடைப்பிடிக்கும் நான்கு மேல். சம்பளமில்லாதவர்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1996-இல் தொடங்கப்பட்ட கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம் 2015 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. அதன் அறங்காவலர்களும் ஊதியம் பெறாதவர்களே. அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-இல்தான் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தவறில்லை என்று தீர்ப்பு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தகைய நேரத்தில் அறங்காவலருக்குத் துணை நிற்பது, அன்றைக்கு என்ன தெரிந்து என்ன முடிவெடுத்தோம் என்று காட்டும் குறிப்பேடுதான்.

மறுமொழி 4: திரைக்குப் பின்னால்

செயலர் அவர்களே, ஒப்பந்தமும் நன்கொடையும் ஒரு மாதம் காத்திருக்கலாம்; அந்தத் தாயார் சொன்னது காத்திருக்கக் கூடாது. அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து இன்றே எழுதி வையுங்கள். எழுத்தில் தந்தால்தான் புகார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது, பல இடங்களில் புகாரை இல்லாமல் ஆக்கும் வழியாகிவிடுகிறது. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் துளியேனும் இருந்தால், உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிராமல் சட்டம் குறிப்பிடும் அதிகாரிகளிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அவர்கள் வருமுன் குழந்தையைத் துருவித் துருவிக் கேட்பது அமைப்பின் வேலையன்று.

இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு நடனமும் நாடகமும் கற்பிக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்காக எழுதப்பட்ட பாதுகாப்புக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் எங்கள் துறைக்கே உரிய இடங்கள் விடுபட்டுவிடும். நடன வகுப்பில் முழங்கையை உயர்த்தவும் முதுகை நிமிர்த்தவும் தொட்டுத் திருத்துகிறோம். எங்கள் வகுப்பில் இப்போது தொடுவதற்கு முன் ‘தோளைத் தொட்டுத் திருத்தலாமா?’ என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்று குழந்தை சொன்னால் ஆசிரியர் தம் உடலில் செய்து காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். முதல் வாரம் எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு சிறுமி ‘இன்றைக்கு வேண்டாம், அடிபட்டிருக்கிறது’ என்றாள்; அதற்கு முன்பு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருப்பாள். ஒப்பனை அறையில் உடை மாற்றும்போது கைப்பேசி கூடாது. தனி வகுப்பு என்றால் கதவு திறந்திருக்க வேண்டும். நள்ளிரவில் மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அதே பக்கத்தைப் பெற்றோருக்கும் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் தெரிந்த விதியை மீறினால் யார் கண்டுபிடிப்பார்கள்?

ஒத்திகைப் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் பெற்றோர் தந்த இசைவு, ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்குத் தந்த இசைவு ஆகாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கலைகளில் பங்கேற்கும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. படத்தில் வர மறுக்கும் குழந்தைக்கு முன்வரிசை இடம் போய்விடும் என்ற நிலை வந்தால் அந்த உரிமைக்கு விலை வைத்துவிட்டோம் என்றே கொள்வேன். குழந்தைகள் வரைந்த ஓவியங்களுக்கும் இது பொருந்தும். அட்டையில் அச்சிடும்போது வரைந்தவர் பெயரைப் போட மறக்கிறோம். தம் படைப்பு தம்முடையது என்று உரிமை கோரும் அறநெறி உரிமை 1928-இலேயே படைப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டுவிட்டது. அங்கே வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை.

மறுமொழி 5: முன்னாள் அறங்காவலர்

நன்கொடை குறித்து மட்டும் சொல்கிறேன். பணத்தை வாங்கிய பிறகு கொள்கை எழுதுவது கடினம். 2019 மார்ச்சில் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, சாக்லர் அறக்கட்டளை தரவிருந்த 10 லட்சம் பவுண்டைப் பெறுவதில்லை என்று அந்த அறக்கட்டளையுடன் சேர்ந்தே அறிவித்தது. வலிநிவாரணி மருந்தான ஆக்சிகாண்டின் தொடர்பான சர்ச்சையில் அந்த அறக்கட்டளைக்குரிய சாக்லர் குடும்பத்தின் பெயர் அடிபட்டிருந்த காலம் அது. அதே ஆண்டு லூவர் அருங்காட்சியகம் தன் காட்சிக்கூடங்களிலிருந்து அந்தப் பெயரை நீக்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2021 டிசம்பரில் நீக்கியது. எத்தனையோ ஆண்டுகள் சுவரில் இருந்த பெயரை எடுப்பதற்கு எவ்வளவு பேச்சுவார்த்தை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பெயர் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சூழ்நிலையில் அதை நீக்கும் உரிமை அமைப்புக்கு உண்டு, நாடகத்தின் உள்ளடக்கத்தில் நன்கொடையாளர் தலையிட முடியாது ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். அவற்றைப் படித்துவிட்டுப் பின்வாங்கும் நன்கொடையாளர் எதை வாங்க வந்தார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தலைவரைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு அமைப்புகளுக்கான நிர்வாக நெறிமுறையின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஓர் அறங்காவலர் 9 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தால் அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் விளக்கச் சொன்னது. வெளியேற்ற வேண்டியதில்லை, விளக்கினால் போதும். நிறுவனரைக் கலை ஆலோசகராக்கிவிட்டுத் தலைமைப் பதவியைச் சுழற்சியில் விட்ட இடங்களும் உண்டு. அவர் கற்பிப்பதை அது தடுக்காது.

கேட்டவரின் பதில்: செயலர்

அனைவருக்கும் நன்றி. அந்தத் தாயார் சொன்னதை அன்றிரவே எழுதினேன். மறுநாள் அவரிடம் படித்துக் காட்டியபோது இரண்டு இடங்களில் திருத்தினார். வகுப்பில் மாணவர்களைப் பட்டப்பெயர் சொல்லி ஏளனம் செய்வது குறித்த குறை அது. சிறிய விஷயம் என்று எண்ணித் தலைவருக்குச் சொல்லாமலே விட்டிருப்பேன். ஒளி, ஒலி ஒப்பந்தத்துக்கு வேறு இரு நிறுவனங்களிடமும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். நன்கொடை நிறுவனத்துக்கு மூன்று நிபந்தனைகளையும் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

நேற்று மாலை தலைவரைச் சந்தித்தேன். புகார்களைப் பெற வெளியாள் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றதும், “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்றுதான் முதலில் கேட்டார். “உங்களைப் பற்றியே எனக்கு ஒரு குறை இருந்தால் நான் யாரிடம் போவேன், ஐயா?” என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீ என்னிடம் வரமாட்டாய்” என்றார். அந்த வெளியாளாக யாரை நினைத்திருக்கிறேன் என்று கேட்டார். இன்னும் யாரையும் நினைக்கவில்லை என்றேன். அவர் தரும் பெயரை நான் ஏற்றுக்கொள்வது சரியாகுமா, அல்லது பெற்றோர்களையே தெரிவு செய்யச் சொல்வதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அடுத்த கூட்டத்தின் மூன்றாம் பொருளாக அதைச் சேர்த்திருக்கிறேன். இதில் அனுபவம் உள்ளவர்கள் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.