ரெண்டரிங் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மடிக்கணினி மந்தமாகிவிடுகிறது

கேள்வி:
வணக்கம். மூன்று ஆண்டுகளாக என்னிடமுள்ள மடிக்கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் எஞ்சின் கொண்டு, சிபியுவிலேயே ஓர் அனிமேஷனை ரெண்டர் செய்கிறேன் (அதாவது, காட்சியைக் கணித்துப் படங்களாக்குகிறேன்). முதல் பிரேம்கள் தலா 40 நொடியில் முடிகின்றன. பத்து நிமிடம் கழிந்தால், காட்சி மாறாதபோதும் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் வரை இழுக்கிறது. விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. டாஸ்க் மேனேஜரோ சிபியு 100% என்றே காட்டுகிறது. ரேமைக் கூட்டினால் சரியாகுமா?

மறுமொழி 1:
ரேமின் மீது பழி போட வேண்டாம். 100% என்பது சிபியு ஓய்வின்றி உழைக்கிறது என்பதைத்தான் சொல்லும். எந்த வேகத்தில் உழைக்கிறது என்பதை அதற்குக் கீழே உள்ள கிகாஹெர்ட்ஸ் எண் சொல்லும். வெப்பம் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டியதும், சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறோம். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளைத் திறந்துவைத்து ரெண்டர் செய்யுங்கள். வெப்பம் அந்த எல்லையில் நிற்க, கிகாஹெர்ட்ஸ் சரிந்தால் காரணம் உறுதி.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். 98 டிகிரியில் நிற்கிறது, 3.9 கிகாஹெர்ட்ஸ் 1.7 ஆகிவிடுகிறது. வெளித்துளைகளைத் துடைத்தும் பயனில்லை.

மறுமொழி 2:
வெளியே துடைத்தால் போதாது. விசிறிக்கும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். விசிறியைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடலாம். மூன்றாண்டு ஆகியிருப்பதால் சிபியுவிலிருந்து ஹீட்சிங்க்குக்கு வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுவது நல்லது.

மறுமொழி 3:
மேற்கண்டவற்றுடன் ஒன்று. சிபியுவின் வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூட வேண்டியிருக்கிறது; மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், உச்சத்தில் கிடைக்கும் சிறிதளவு வேகத்துக்குப் பெருமளவு வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம். விண்டோஸின் பவர் அமைப்பில் சிபியுவின் உச்ச அளவை 99% என்று மாற்றினால், பல கணினிகளில் டர்போ (அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி) நின்றுவிடும். உங்கள் சிபியுவின் அடிப்படை வேகம் 1.7-ஐவிடக் கூடுதல் என்றால் மட்டுமே இதில் ஆதாயம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
தூசியை எடுத்து, பேஸ்டையும் மாற்றிவிட்டேன். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் பிரேமுக்கு 47 நொடிதான், வெப்பம் 88. டர்போவை அப்படியே விட்டுவிட்டேன்.