சம்பள ஆய்வை வைத்துச் சம்பளம் நிர்ணயித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட மக்களுக்கான சின்னக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆண்டுக் கூட்டத்துக்கு முன் ஊழியர் சம்பளத்தை முடிவு செய்தாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதும் நேற்று வந்த பையனுக்கும் பல வருஷமாக முகப்பில் இருக்கும் கிராணி (குமாஸ்தா) அக்காவுக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம், அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று பல நிறுவனங்களில் கேட்டுத் தொகுப்பதுதான் சம்பள ஆய்வு. மலேசிய முதலாளிகள் சம்மேளனத்தின் ஆய்வை வாங்கலாம் என்கிறார் பொருளாளர். அதில் கோலாலம்பூர் பெரிய கம்பெனிகளும் கலந்திருக்குமே? புள்ளிவிவரத் துறையின் ஆய்வு இலவசம், மாநில வாரியாகவும் இருக்கிறது, ஆனால் பேராக் என்றால் ஈப்போ நகரமும் சேர்ந்துதானே வரும்.

சராசரியை விட்டு இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை) பார்க்கணும், பதவிப் பெயரை நம்பாமல் வேலையை ஒப்பிடணும், அதுவரை சரி. எங்கள் கிராணி பணம் வாங்குவார், கடன் விண்ணப்பம் சரிபார்ப்பார், தவணை கட்டாதவர் வீட்டுக்கும் போய் வருவார். இதை எந்தப் பதவியோடு சேர்ப்பது? அப்புறம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இந்தச் சம்பள அளவுக்கு 13 விழுக்காடு, முதலாளிகள் சட்டப்படி கட்டுவது, அதை விடுங்கள். மருத்துவ கார்டு, தீபாவளி போனஸ் இதையெல்லாம் சம்பளத்தோடு கூட்டித்தான் ஒப்பிடுவீர்களா?

சின்னச் சங்கத்தில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.