புதிய .22 பிஸ்டலில் ரவை சிக்குவது பற்றி: தியத்தலாவைப் பயிற்சியில் கண்டவை

25 மீற்றர் ஸ்போர்ட் பிஸ்டல் போட்டிக்காக வாங்கப்படும் புதிய .22 (0.22 அங்குலக் குழல் விட்டம்) பிஸ்டல், முதற் சில நூறு ரவைகளுக்குள் அடிக்கடி சிக்குவது புதுமையான செய்தியன்று. ஆனால் சிக்கிய உடனேயே பிஸ்டலில்தான் பழுது என்று முடிவுகட்டி, ஸ்பிரிங்கை வெட்டவும் உலோகத்தை அராவவும் புறப்படுகிறவர்களை நான் பல முறை கண்டிருப்பதால், எங்கள் குழுவுக்குக் கிடைத்த புதிய பிஸ்டலோடு தியத்தலாவைச் சுடுதளத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பிஸ்டல் காலையில் மட்டும் முரண்டு பிடித்தது. முதல் ரவை ஒழுங்காக வெடிக்கும். பின்னே சென்ற ஸ்லைட் (சுடும்போது முன்பின் நகரும் பகுதி) முன்னே வரும்போது அடுத்த ரவையைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் ரவை அமரும் அறை) முழுமையாகத் தள்ளாமல், மயிரிழை இடைவெளி விட்டு நின்றுவிடும். விசையை அழுத்தினால் வெடிக்காது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அதே பிஸ்டல், அதே மெகசின் (ரவைகளை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் கூடு), அதே பெட்டி ரவை என்று எதையும் மாற்றாமலேயே குறையின்றி ஓடும். இராணுவத்தில் ஆயுதத் திருத்துநராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “பிள்ளை, பிஸ்டல அப்புறம் பார்க்கலாம், முதல்ல ரவையத் தொட்டுப் பாருங்க” என்றார்.

இந்தப் பிஸ்டலுக்குரிய .22 எல்.ஆர். (லோங் ரைபிள் என்னும் வகை) ரவையின் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். அதன் மேல் மெழுகோ கொழுப்போ கலந்த வழுக்குப் பூச்சு இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சனவரி அதிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிவதை நாம் அனைவரும் அறிவோம்; அதைவிடத் தாழ்ந்த தியத்தலாவையிலும் அம்மாதக் காலைகள் அந்தப் பூச்சை இறுகச் செய்யப் போதுமான குளிருள்ளவை. இறுகிய பூச்சு, ரவை உள்ளே நுழையும்போது சேம்பரின் விளிம்பில் சுரண்டப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. ஸ்லைட்டைத் திறந்து விளக்கொளியில் பார்த்தபோது, சேம்பர் வாயின் கீழ்ப்புறத்தில் ஈயத்தூளும் புகைக்கரியும் கலந்து, பிறை வடிவில் சாம்பல் நிறப் படிவு ஒன்று ஒட்டியிருந்தது. நைலோன் தூரிகையால் தேய்த்தபோது சோப்புக் கட்டியைச் சீவியது போலச் சுருளாக வந்தது. அந்த மெல்லிய படிவுதான் ஸ்லைட் முழுமையாக மூடுவதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ரவைப் பெட்டியைக் குளிராடையின் உட்பையில் வைத்தே கொண்டு செல்கிறோம். பயிற்சிக்கு இடையிலும் ஒருமுறை சேம்பரைத் துடைக்கிறோம். காலைச் சிக்கலில் பெரும்பகுதி அத்தோடு தீர்ந்தது.

மீதமிருந்த சிக்கலுக்கு மெகசின் காரணமாக இருந்தது. .22 ரவையின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், ரவைகளை மெகசினில் அடுக்கும்போது மேலுள்ள ரவையின் விளிம்பு கீழுள்ள ரவையின் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு, எவ்வளவு நல்ல பிஸ்டலானாலும் அந்த இடத்தில் நின்றுவிடும். போட்டியில் ஒரு தொடருக்கு ஐந்து ரவைகள்தான் என்பதால், அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து இடுவதற்கு நேரமுண்டு. ஒழுங்காக இட்டும் சிக்கினால், மெகசின்களில் 1, 2, 3 என்று நிறப்பூச்சால் அடையாளமிட்டு, எது சிக்குகிறது என்று கொப்பியில் எழுதி வைப்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். எங்களிடம் எப்போதும் இரண்டாம் இலக்க மெகசினே சிக்கியது. ரவையைப் பிடித்து நிற்கும் அதன் மேல் உதடுகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று உள்ளே வளைந்திருந்ததால், ரவையின் மூக்கு சாய்ந்து சென்று சேம்பருக்குக் கீழே இடித்தது. இடித்த ரவையை எடுத்துப் பார்த்தால் ஈய மூக்கில் நகக்குறி அளவுக்கு ஒரு தட்டை விழுந்திருக்கும். எந்த மெகசினிலும் சிக்கினால்தான் பிஸ்டலைச் சந்தேகிக்க வேண்டும்.

ரவையை ஏற்றிச் செல்லும் சரிவை அராவித் தருவதாக எங்கள் பகுதித் தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டர் அண்ணன் அன்போடு முன்வந்தார். அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை; என்றாலும் அந்தச் சரிவின் கோணம் சிறிது மாறினாலும், ரவையின் வெளியுறையான கோதின் அடிப்பகுதியைத் தாங்கும் உலோகம் குறைந்து, வெடிக்கும்போது மெல்லிய பித்தளைக் கோது கிழியக்கூடும் என்பதால் வேண்டாம் என்று தடுத்தோம்.

புதிய ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதும் உண்மைதான். இவ்வகைப் பிஸ்டல்களில் ஸ்லைட்டைப் பின்னே தள்ளுவது கோதின் மீது விழும் வாயுவழுத்தம் மட்டுமே. அதைத் தடுத்து நிற்பவை ஸ்லைட்டின் எடையும் ஸ்பிரிங்கும். போட்டிக்குப் பயன்படும் நிதான வேக ரவைகள் பலவும் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே பறப்பதால், புதிய ஸ்பிரிங்கை முழுமையாக அமுக்க அவற்றின் உதை சில வேளைகளில் போதாது. வெற்றுக் கோது தூரப் போகாமல் காலடியில் விழுவதும், கடைசி ரவைக்குப் பின் ஸ்லைட் திறந்து நிற்காததும் இதற்கு அடையாளங்கள். ரவையின் வகையை மாற்றிப் பார்த்து, கெட்டியான கிறீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இட்டு, சில நூறு ரவைகள் ஓடும் வரை பொறுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது.

தேய்மானம் வேறு விடயம். அது பொறுத்தால் தீராது. கோதைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முனை மழுங்கினால், கோதுகள் விழும் திசை நாளுக்கு நாள் மாறும், சில சேம்பரிலேயே தங்கிவிடும். முதலில் கொக்கியின் கீழே சேரும் கரியைத் துப்புரவாக்கிப் பார்த்து, அதன் பின்னரே புதிய பாகத்துக்கு எழுத வேண்டும். ரவையின்றி விசை இழுத்துப் பயிற்சி செய்கிறவர்கள், தங்கள் பிஸ்டலின் கைந்நூல் அதை அனுமதிக்கிறதா என்று பார்ப்பது அவசியம். விளிம்பில் அடிக்கும் .22இல், ரவையை வெடிக்கவைக்கும் ஊசியான பயரிங் பின், வெறுமையான சேம்பரின் விளிம்பைக் குத்திக் குத்தி அங்கே ஒரு பிசிறை எழுப்பிவிடும். வெளியே வரும் ஒவ்வொரு கோதிலும் ஒரே இடத்தில் நீளக் கீறல் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், அதைச் சீராக்குவது தேர்ந்த திருத்துநரின் வேலை. உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர மாதங்கள் ஆகலாம் என்பதால், தேய்மானத்தைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது நமக்கு மற்ற எவரையும்விட முக்கியம்.

மூடுபனிக்குள் இருந்து வீட்டுக்குள் கொண்டுவந்த பிஸ்டலின் மேல் நீர் படியும். ரவை இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்து, பெட்டியைத் திறந்து உலரவிட்ட பிறகே பூட்டி வையுங்கள். மெகசின் ஸ்பிரிங்கையும் துடைக்க மறக்காதீர்கள், துரு முதலில் அங்கேதான் பிடிக்கிறது.

போட்டியில் சிக்கினால் செய்ய வேண்டியதையும் இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேகத் தொடரில் இலக்கு மூன்று விநாடிகளே காட்டப்படுவதால் கை பதறும். ஸ்லைட்டை இழுக்காமல், மெகசினைக் கழற்றாமல், குழல் வாயை இலக்குப் பக்கமாகவே வைத்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்துங்கள். அதிகாரி பார்க்கும் முன் பொறியில் கை வைத்துவிட்டால், உண்மையான பழுதாக இருந்தாலும் அது ஏற்கப்படாது.